ஓப்பன் அண்ணனின் கம்ப்யூட்டர் சொன்ன பொய்

பிள்ளைகள் பொய் சொல்லக் கூடாதே என்று கவலைப்படுகிற மனிதர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தன் கம்ப்யூட்டர் பொய் சொல்லிவிடக் கூடாதே என்று கவலைப்பட்டு, சோறு இறங்காமல் கிடந்த மனிதரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பேராக் மாநிலத்திலேயே அப்படி ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரராக வாய்த்தது பாக்கியமா பாவமா என்று எனக்கும் என் மனைவி லதாவுக்கும் நெடுநாளாக ஒரு விவாதம் உண்டு.

செமோரில் எங்கள் குடியிருப்பான தாமானில் எல்லாம் வரிசை வீடுகள். நான் இந்தப் பக்கம் தும்மினால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்வதி அக்கா "நூறு வயசு, தம்பி" என்பார். அந்த அக்காவின் கணவர்தான் ஓப்பன் அண்ணன். அடையாளக் கார்டில் அவருக்கு வேறு பெயர் இருக்கிறது. ஒருமுறை தபால்காரர் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தபோது தாமானே முழித்தது. "அப்படி யாரும் இங்க இல்லையே லா" என்று, அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டே நாங்கள் தபால்காரரைத் திருப்பி அனுப்பினோம்.

கையுறைத் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர் அண்ணன். கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்கிற சிஸ்டத்தைத் தவிர வேறெதையும் தொட மாட்டார். "இது ஓப்பன் சோர்ஸ் தம்பி. யாரு வேணாலும் எடுக்கலாம், தொறந்து பாக்கலாம், திருத்தலாம், அடுத்தவனுக்குக் குடுக்கலாம். எல்லாமே ஓப்பன்!" என்று மூச்சுக்கு மூச்சு சொல்லியே அந்தப் பெயரைச் சம்பாதித்தார். அவர் வீட்டு கேட்டுக்கும் பூட்டு கிடையாது. நாய், கோழி, தண்ணீர் வடிகட்டி விற்கிறவர் எல்லாரும் தாராளமாக உள்ளே போய் வந்தார்கள்.

பூட்டு என்றால் அவருக்கு ஏன் ஆகாது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. அவர் பிறந்தது ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டத்து மண்டபத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு டிவி. அதை மர அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி தன் இடுப்பிலேயே வைத்திருப்பாராம். தமிழ்ப்படம் போடுகிற ஒரு நாளில் கிராணி ஈப்போவில் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டார், சாவியும் கூடவே போய்விட்டது. வருவார் வருவார் என்று படம் முடிகிற நேரம் வரைக்கும் தோட்டத்து ஜனம் அந்த மூடிய அலமாரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம். "சாவி அடுத்தவன் இடுப்புல இருந்தா அது நம்ம பெட்டி இல்ல, தம்பி" என்பார் அண்ணன். தீபாவளிக்குத் தீபாவளி இந்தக் கதையை முறுக்கோடு எங்களுக்குப் பரிமாறுவார்.

ஊரே பயன்படுத்துகிற அந்த இன்னொரு சிஸ்டத்தின் பெயரை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்களே, அந்த மாதிரி. "மத்தது" என்பார், அவ்வளவுதான்.

தாமானில் எந்த லேப்டாப் ரோசாக் ஆகிப் படுத்தாலும் அவரிடம்தான் போகும். ஆனால் போனபடி திரும்பி வராது. சலூன் குமார் தன் லேப்டாப்பில் 'கே' எழுத்துள்ள கட்டை அமுங்கவில்லை என்று கொடுத்தான். மறுநாள் கட்டை அமுங்கியது, உள்ளே இருந்த சிஸ்டமே மாறியிருந்தது. அதுவும் சுத்தமான தமிழில். லினக்ஸைத் தமிழுக்குக் கொண்டுவரும் தன்னார்வலர்களில் அண்ணனும் ஒருவர். குமார் லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடி வந்தான்.

"அண்ணே, என்னா லா இது? 'கோப்புறை'ங்குது, 'மீட்டமை'ங்குது! எனக்கு என் சலூன் பாட்டு வேணும் லா!"

"பாட்டெல்லாம் பத்திரமா இருக்கு. 'இசை'ன்னு போட்டிருக்கு பாரு, அமுக்கு."

"நான் எஸ்.பி.எம். பரீட்சையில தமிழே எடுக்கல அண்ணே!"

"அதான் இப்ப படிக்கிற இல்ல?"

குமார் இன்றுவரை அதில்தான் பாட்டுப் போடுகிறான். வைரஸ் வரவே இல்லை என்று வாடிக்கையாளர்களிடம் பெருமையும் அடித்துக்கொள்கிறான், அது வேறு விஷயம்.

அடுத்தது அவருடைய உண்மை. அது லினக்ஸைவிடப் பெரிய தொல்லை. ஒருமுறை அவர் காரில் நாங்கள் நாலு பேர் ஈப்போவுக்குப் போனோம். அண்ணன் ஓட்டிய வேகத்துக்கு வழியில் போலீஸ் கையைக் காட்டினார். கண்ணாடியை இறக்கினால், "என்சிக், ஏன் இவ்வளவு லாஜு? அவசரமா?" என்று மலாயில் கேட்டார். பின் சீட்டிலிருந்து லதா, "ஆஸ்பத்திரின்னு சொல்லுங்கண்ணே" என்று முணுமுணுத்தாள். அண்ணன் போலீஸ்காரரின் கண்ணைப் பார்த்து, "அவசரம் ஒண்ணும் இல்ல. செண்டோல் குடிக்கப் போறோம்" என்றார். போலீஸ்காரர் அபராதச் சம்மனை எழுதிக் கொடுத்துவிட்டு, எந்தக் கடையில் செண்டோல் நன்றாக இருக்கும் என்றும் சொல்லி அனுப்பினார்.

இப்படிப்பட்ட மனிதரோடு குடும்பம் நடத்த பார்வதி அக்காவால்தான் முடியும். டிவிப் பெட்டியைக் கழற்றி அவர் கம்ப்யூட்டருக்குத் திரையாக மாட்டிவிட்டார், அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அக்காவின் கைப்பேசியில் இருந்ததை அழித்துவிட்டு ஏதோ ஒரு ஓப்பன் சிஸ்டத்தைப் போட்டார். அதில் பேசலாம், மணி பார்க்கலாம், வேறொன்றும் ஓடாது. அதற்கும் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. லதாவிடம் மட்டும், "கல்யாணம் கட்டுன நாள்லருந்து இவரு அழிச்சிட்டுப் புதுசா போடாதது என்னைய மட்டும்தான்" என்று சிரித்தாராம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அவர்களுக்கு ஒரே மகள், மலர். கோலாலம்பூரில் வேலை தேடி அலைந்துகொண்டிருந்த பெண்ணுக்குப் புதிதாகத் தொடங்கிய ஒரு தமிழ் அலைவரிசையில் செய்தி வாசிக்க இடம் கிடைத்தது. சனிக்கிழமை மத்தியானச் செய்தி. முதல் முறை, நேரடி ஒளிபரப்பு. அந்த அலைவரிசை வானத்திலிருந்தும் வராது, ஏரியலிலும் வராது. இணையத்தில் ஒரு தளத்துக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும்.

அண்ணன் அன்றே கணக்குத் திறந்தார், தளத்துக்குள் போனார். திரையில் ஒரே ஒரு வரி வந்தது. 'உங்கள் இயங்குதளத்துக்கு ஆதரவு இல்லை. ஆதரவுள்ள கருவியில் மீண்டும் முயலவும்.'

அவர் உடனே வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரும் ஓப்பன்தான், ஆகையால் நானும் கேட்டேன்.

"அங்கிள், உங்க கம்ப்யூட்டர்ல என்னா சிஸ்டம் ஓடுது?"

"லினக்ஸ், மா."

"அது எந்தக் கடையில வாங்குனது, அங்கிள்?"

"வாங்கல மா. அதை சும்மாவே குடுப்பாங்க."

"சும்மாவா? யாரு குடுத்தாங்க?"

"யாருன்னு தெரியாது மா. உலகம் பூரா இருக்காங்க."

அந்தப் பெண்ணின் குரல் பதறிப்போனது. "அங்கிள்! அது ஸ்கேம், அங்கிள்! பேங்க் கார்டு நம்பர் ஏதாச்சும் குடுத்தீங்களா? முதல்ல போலீஸ்ல ரிப்போட் பண்ணுங்க!"

லினக்ஸ்காரர்களுக்கு இணையத்தில் சங்கம் மாதிரி ஒன்று இருக்கிறது. அங்கே போய் முறையிட்டார். எங்கெங்கோ இருந்து பதில்கள் வந்து குவிந்தன. எல்லாரும் சொன்னது ஒன்றேதான். உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு குறையும் இல்லை. தளம் வாசலில் நின்று 'நீ யாரு?' என்று கேட்கிறது, உங்கள் பிரவுசர் 'லினக்ஸ்' என்று உள்ளதைச் சொல்லிவிடுகிறது. செட்டிங்கில் ஒரு வரியை மாற்றி, மற்றவன் பெயரைச் சொல்ல வையுங்கள். கதவு தானாகத் திறக்கும்.

அடடா, தீர்ந்தது பிரச்சினை என்று நான் நினைத்தேன். அண்ணன் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"பொய் சொல்லச் சொல்றானுங்க, தம்பி."

"ஒரு வரிதானே அண்ணே?"

"ஒரு வரிப் பொய்."

"அது கம்ப்யூட்டர் சொல்றது. நீங்க சொல்லலையே?"

"நான் சொல்லிக் குடுத்துத்தானே அது சொல்லும்?"

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. காரணம், பார்வதி அக்கா அப்போது படுக்கையில் இருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் தகடு வைத்திருந்தார்கள். கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் உத்தரவு. இல்லாவிட்டால் இணையம் வருகிற எங்கள் வீட்டு டிவியில் பார்க்க வைத்திருப்போம்.

லதா தன் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். "அக்கா, சனிக்கிழமை இதுல பாருங்க. கையிலயே வெச்சுக்கிட்டுப் பாக்கலாம்."

அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "வேணாம் லா, லதா. ஊருல அத்தன பேரு கம்ப்யூட்டர செஞ்சி குடுக்கிறாரு. சொந்த மவள மட்டும் அடுத்த வீட்டுப் பெட்டியில பாத்தேன்னா அவரு மொகம் சுருங்கிப் போயிரும். அவரு பெட்டியில வந்தா பாக்குறேன்."

"மலர் ரெக்கார்டு பண்ணி அனுப்புறேன்னு சொன்னாளே?"

அக்கா அதற்கு ஒரு கதை சொன்னார். மலர் சின்ன வயதில் பள்ளிக்கூட மேடையில் ஏறினால் வாயே திறக்காதாம். அக்கா முன் வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டினால்தான் பேச்சு வருமாம். ஆறு வருஷமும் அக்கா பள்ளிக்கூடக் கேன்டீன் வேலையை அப்படியே போட்டுவிட்டு, ஏப்ரனோடு வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். "ரெக்கார்டு பண்ணதுக்கு நான் தலை ஆட்டி என்னாத்துக்கு? அது வாசிக்கிறப்ப நான் முன்னாடி இருக்கணும். அங்கருந்து அதுக்குத் தெரியாதுதான். இருந்தாலும் இருக்கணும்."

லதா வீட்டுக்கு வந்து என்னிடம் இதைச் சொல்லி அழுதாள். நான் அண்ணனிடம் சண்டைக்கே போனேன். அவர் கோபப்படவில்லை.

"உக்காரு தம்பி. பொய்யி ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னொண்ணு இருக்கு. உள்ள போறதுக்காக லினக்ஸ்காரன் எல்லாம் மத்தவன் பேரச் சொன்னா, தளத்துக்காரன் கணக்குல என்னா விழும்? வந்தது எல்லாம் மத்தவன்தான், லினக்ஸ்காரன் ஒருத்தன்கூட இல்லன்னு விழும். இல்லாத ஆளுக்கு எதுக்குக் கதவு வைக்கணும்னு கேப்பான். நாம இருக்கோம்னு நாமளே சொல்லலன்னா, நாம எங்கயுமே இல்ல தம்பி."

யார் கணக்கிலும் வராத தோட்டத்து ஜனத்தில் பிறந்த ஆள் இதைச் சொல்வது நியாயம்தான். ஆனால் அந்த நியாயம் கட்டிலில் படுத்திருக்கிறவருக்கு என்ன செய்யும்? அண்ணனும் அதே யோசனையில்தான் இருந்தார். தளத்துக்கு மனு மேல் மனு அனுப்பினார். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒவ்வொன்றுக்கும் மெஷின் பதில் போட்டது. அந்த வாரம் முழுவதும் அவர் தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

சனிக்கிழமை வந்தது. நம்மவர் பிள்ளை டிவியில் வருகிறதென்றால் அழைப்பு வேண்டுமா? சலூன் குமார் வாரத்திலேயே கூட்டம் அதிகமாக வரும் நாளில் கடையை மூடிவிட்டு, கறிபாப் பலகாரப் பொட்டலத்தோடு வந்தான். கூடவே ஒரு எலுமிச்சம்பழம். "கண்ணு பட்டிருக்கு அண்ணே" என்று கம்ப்யூட்டரைச் சுற்றித் திருஷ்டி கழித்தான். திரையில் அதே வரிதான் நின்றது.

நாங்கள் அக்காவின் கட்டிலை நகர்த்தி ஹாலுக்குக் கொண்டுவந்து, திரைக்கு நேராகப் போட்டிருந்தோம். மணி பன்னிரண்டை நெருங்கியது. அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் கறிபாப்பைத் தொடவில்லை. லதா மட்டும் டேப்லெட்டை முந்தானைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"என்னாங்க."

"ம்."

"அத மூடிருங்க. எனக்குத் தலை வலிக்குது. வெளிச்சம் கண்ணுல குத்துது. நான் செத்த தூங்குறேன். செய்தியெல்லாம் இன்னொரு நாளு பாத்துக்கலாம்."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். தலைவலிக்காரி பட்டுப்புடவை கட்டியிருந்தார். இடுப்பை அசைக்க முடியாத மனுஷி, காலையில் லதாவைக் கூப்பிட்டு, படுத்தபடியே அதைச் சுற்றிக்கொண்டார். நெற்றியில் பொட்டு, தலையில் பூ. தூங்கப் போகிறேன் என்று சொன்ன கண்கள் அந்தத் திரையை விட்டு அகலவில்லை.

அண்ணன் அக்காவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு திரும்பி, விசைப்பலகையில் கை வைத்தார். ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தார். அதில் இருந்த 'லினக்ஸ்' என்ற சொல்லை ஓரெழுத்து ஓரெழுத்தாக அழித்தார். வாழ்நாளில் சொல்லாத அந்தப் பெயரை அந்த இடத்தில் அடித்தார். உதடு எதையோ முணுமுணுத்தது.

கதவு திறந்தது. இசை வந்தது, எழுத்து சுழன்றது, நீலப் பின்னணியில் எங்கள் மலர் உட்கார்ந்திருந்தாள்.

"வணக்கம்" என்றாள்.

"வணக்கம், மா!" என்று அண்ணன் எழுந்து நின்று பதில் சொன்னார்.

முதல் செய்தி என்னவென்று எங்களில் யாருக்கும் இன்றுவரை தெரியாது. குமார் விசிலடித்தான், லதா அழுதாள். இரண்டாவது செய்தியில் மலர் ஒரு சொல்லில் தடுக்கி நின்றாள். ஹாலில் சத்தம் அடங்கிவிட்டது. கட்டிலில் பார்வதி அக்கா தலையை ஆட்டினார், மெதுவாக, 'சொல்லு, சொல்லு' என்கிற மாதிரி. மலர் மூச்சு வாங்கிக்கொண்டு அந்த வரியைத் திரும்ப, சரியாக வாசித்தாள். அதற்குப் பிறகு அவள் எங்கேயும் நிற்கவில்லை. செய்தி முடிகிறவரை அக்காவும் தலையாட்டலை நிறுத்தவில்லை.

எல்லாரும் போன பிறகு அண்ணன் வாசலில் தனியாக நின்றார். நான் பக்கத்தில் போனேன். பொய் சொன்னதற்காக வருந்துகிறார் என்று நினைத்து, "பரவால்ல அண்ணே, நல்ல காரியத்துக்குத்தானே" என்றேன்.

"அது இல்ல தம்பி," என்றார். "கல்யாணம் ஆகி இத்தன வருஷத்துல அவ எங்கிட்ட ஒரு பொய்யும் சொன்னதில்ல. இன்னைக்கு எனக்காக தலை வலிக்குதுன்னு சொல்லிட்டா. அவ வாயில பொய் வர்ற வரைக்கும் நான் வுட்டுட்டேன் பாரு. அதுக்கு முன்னாடியே அந்தப் பொய்ய நான் சொல்லியிருக்கணும்."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

அத்தோடு விட்டாரா? விட்டால் அவர் ஓப்பன் அண்ணன் இல்லையே. உள்ளே போய் பிரவுசரின் பழைய பெயரைத் திரும்பப் போட்டார். உடனே அந்தத் தளத்துக்கு ஒரு மின்னஞ்சல் அடித்து, எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் காட்டினார்.

'ஐயா, அம்மா, வணக்கம். இன்று மத்தியானம் உங்கள் வாசலில் மற்றவன் பெயரைச் சொல்லி உள்ளே வந்தது நான்தான். நான் லினக்ஸ். என் மகள் செய்தி வாசித்தாள், என் மனைவி அதைப் பார்க்க வேண்டியிருந்தது. மன்னிக்கவும். என்னையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும்.'

ஒரு பிழையும் இல்லை. அனுப்பிவிட்டார். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று மெஷின் பதில் வந்தது.

மலருக்கு அந்த வேலை நிலைத்துவிட்டது. இப்போது தினமும் மத்தியானச் செய்தி அவள்தான். ஆகவே அண்ணனும் தினமும் செய்திக்கு முன்னால் ஒரு பொய் சொல்கிறார், செய்திக்குப் பின்னால் ஒரு மன்னிப்பு அனுப்புகிறார். தளம் இன்னும் லினக்ஸுக்குக் கதவு வைக்கவில்லை. அக்கா இப்போது கைத்தடியோடு நடக்கிறார். நாங்கள் அங்கே இருந்தவரை, எங்கள் வீட்டுக்கே வந்து பெரிய டிவியில் பார்க்கலாம் என்று லதா எத்தனையோ முறை கூப்பிட்டாள். "அவரு பெட்டியில நல்லாத்தான் தெரியுது லா" என்று அக்கா தட்டிக் கழித்துவிட்டார்.

வேலை மாற்றத்தால் நாங்கள் கோலாலம்பூருக்குக் குடிவந்துவிட்டோம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மலரின் செய்தியை நானும் போட்டுவிடுவேன். செமோரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து பார்த்த செய்திதான் நினைவுக்கு வரும். அக்கா வழக்கம்போல மகளுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் திரையின் பக்கமே திரும்பவில்லை. அக்கா பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனின் அந்த முகத்தை நினைத்தால் இங்கே எனக்குச் சாப்பாடு இன்னும் கொஞ்சம் இறங்குகிறது.